நடு மெயினில் ஒரு குளவிக்கூடு

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் நான் எழுதவேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். “இளைய தலைமுறைக்கு உங்க அட்வைஸ், அக்கா” என்று தலைப்பையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். என் சொந்தப் பிள்ளையே என் அட்வைஸைக் கேட்டதில்லை, ஊரான் பிள்ளைக்கு எதற்கு என்றேன். சிரித்தார்களே தவிர எழுந்துபோகிற வழியாக இல்லை. சரி, எனக்குத் தெரிந்தது பேரிங், அதைப் பற்றி எழுதுகிறேன், அட்வைஸ் வேண்டியவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

பேரிங் என்றதும் சைக்கிள் சக்கரத்தில் உருளும் குண்டுகளை நினைக்கவேண்டாம். கார் இஞ்சினுக்குள் இருப்பது வேறு சாதி. பட்டையான வளையலை இரண்டாக வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அரைவட்டத் தகடு. வெளிப்புறம் எஃகு, உட்புறம் மெத்தென்ற உலோகப் பூச்சு. மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி, நடுவில் கிராங்க். பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றித் தருகிற கனத்த தண்டுதான் கிராங்க். இஞ்சினின் உடம்பான பிளாக்கில் அது உட்காரும் இடத்தில் இருப்பவை மெயின் பேரிங்குகள், பிஸ்டன் ராடுகள் அதைப் பிடிக்கும் இடத்தில் இருப்பவை ராடு பேரிங்குகள். பேரிங் கிராங்க்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓடும்போது இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், கிராங்க் அதன்மேல் மிதந்துகொண்டே சுற்றும். எண்ணெய் வருவது நின்றால் உலோகமும் உலோகமும் உரசிக் கொஞ்ச நேரத்தில் இஞ்சின் கதை முடிந்துவிடும். அந்த இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வாழ்நாள் வேலை.

ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்தேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சொல்லத்தான் அதிகமில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், பஸ்ஸில் கூட்டம், வகுப்பில் வெக்கை. படிப்பு முடிந்ததும் போளூர் ரோட்டில் கரீம் பாயின் கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

சேர்ந்த புதிதில் ஒரு லாரி முதலாளி வந்தார். அவருடைய கிராங்க்கை நான் மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“இன்னா பாய், பொம்பள கையிலயா குடுத்திருக்கீங்க?”

பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கிராங்க்குக்கு அது தெரியாதுங்க. நீங்க போய் சொல்லிடாதீங்க.”

பாய் அப்படித்தான். பேச்சு கம்மி. உயரமாக, கொஞ்சம் கூனலாக, எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். வெயிலில் வந்த கிராங்க்கை அவர் உடனே அளந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வெயிலில் ஆட்டோவின் பின்னால் படுத்து வந்த இரும்பு, இட்லிச் சட்டியைப்போல் சுடும், கொஞ்சம் வீங்கியும் இருக்கும். அதை மரத் தாங்கியில் கிடத்திவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். கொண்டுவந்தவர் அவசரம் அவசரம் என்று குதித்தால், “அது இன்னும் வந்து சேரலைங்க” என்பார். மறுநாள் காலையில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொரு இடத்தையும் நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து, எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். “கிட்டத்தட்ட”, “இருக்கலாம்” என்ற சொற்கள் அவர் வாயில் வராது. அளக்காமல் ஒன்றும் சொல்லமாட்டார், அளந்ததை மாற்றியும் சொல்லமாட்டார். நான் செய்த வேலை அவருக்குப் பிடித்துப்போனால் “பரவாயில்ல” என்பார். அந்த ஒரு சொல் கிடைக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் எனக்கு அது வேண்டாம் என்றே ஆகிவிட்டது.

தேய்ந்த பேரிங்கை மாற்றாமல், அதன் முதுகுக்குப் பின்னால் டின் தகட்டை வெட்டி வைத்து இறுக்குகிற வழக்கம் அப்போது சில மெக்கானிக்குகளிடம் இருந்தது. வண்டி சந்தை வரைக்கும் சத்தமில்லாமல் ஓடும், வாங்குகிறவன் தலையில் விடியும். அப்படி ஒருவர், கிராங்க்கை லேசாகத் தேய்த்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தகடு பார்த்துக்கொள்ளும் என்று பாயிடம் வந்தார். பாய் அந்தக் கிராங்க்கைத் தூக்கி வாசலில் நின்ற அவருடைய ஆட்டோவிலேயே வைத்துவிட்டு வந்தார். சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த மனுஷர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாய் ஒரே ஒரு முறை மாற்றிச் சொன்னதை நான் பார்த்தேன்.

வீட்டிலேயே கார் இஞ்சினைப் பிரித்துப் பேரிங் மாற்ற முடியுமா என்று இப்போது பையன்கள் வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். முடியும், ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வேங்கிக்காலில் வீடு, சர்வேயர் வேலை, பெயர் அப்பாண்டைராஜ். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவருடையது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள், எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு உட்காருபவர்கள். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஜெயமாலா. சின்ன வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. அந்தப் பெண் டீச்சருக்குப் படித்து, கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் கையால் இயக்குகிற மாதிரி ஒரு பழைய பெட்ரோல் காரில் லீவர்கள் பொருத்தி, அவள் பெயரிலேயே பதிவும் செய்திருந்தார்கள். அந்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் கீழ்பென்னாத்தூரில் வேலைக்குச் சேரவேண்டும். மே மாதம் இஞ்சின் தட்ட ஆரம்பித்தது.

வெளியே எங்கும் வண்டியை விட அப்பாண்டைராஜுக்கு மனமில்லை. முன்பு ஒரு முறை சர்வீசுக்கு விட்டபோது லீவரின் ஒரு சின்ன இணைப்பைத் தொலைத்துவிட்டார்கள், அது இல்லாமல் அவள் பல நாள் வீட்டில் கிடந்தாளாம். அதனால் லீவு போட்டு, வீட்டு போர்ட்டிகோவிலேயே இஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டார். கிராங்க்கை மட்டும் போர்வையில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார்.

பிரித்த பேரிங்குகளையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் எது எந்த இடம் என்று குறித்திருந்தார். உட்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. பாய் நகத்தை வைத்து ஓட்டினார், நகம் தடுக்கியது. நான் கிராங்க்கைப் பார்த்தேன். அதிலிருந்த எண்ணெய் ஓட்டைகள் அத்தனையிலும் வெள்ளைத் துணியைத் திரித்து அடைத்திருந்தது.

“எதுக்கு சார் துணி?”

“எங்க வீட்டாண்ட குளவி ஜாஸ்திம்மா. ஓட்டையைப் பாத்தா உடனே மண்ணை வெச்சிக் கூடு கட்டிடும். அப்புறம் கழுவும்போது அது செத்துப்போவும். அதான் முன்னாடியே அடைச்சிட்டேன்.”

இஞ்சினைக் காப்பாற்ற ஓட்டை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குளவியைக் காப்பாற்ற அடைத்த மனுஷரை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் பிரித்த விதத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தம்.

கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடங்களையெல்லாம் பத்து தௌ அரைத்தேன். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங்க் அந்த அளவுக்கு மெலிந்துவிடுவதால், அதற்கு ஏற்றாற்போல் தடித்த பேரிங் வாங்கச் சொன்னோம். பேரிங் வந்து சேர நாள் பிடித்தது. வந்ததும் கிராங்க்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, காலையில் மறுபடியும் வந்து நின்றார். முகம் சரியில்லை.

“பாய், நடு மெயின் பேரிங்குக்கு வேற வழியில எண்ணெய் கொண்டாற முடியுமா?”

பாய் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். இஞ்சின் பிளாக்கில் நடு மெயினுக்கு எண்ணெய் வரும் ஓட்டைக்கு வைத்த துணி எப்போதோ விழுந்துவிட்டதாம். குளவி உள்ளே கூடு கட்டி வாயை மண்ணால் மூடிவிட்டதாம். உள்ளே புழு இருக்கும், அது குளவியாகிப் பறக்க மூன்று வாரமாவது ஆகும் என்றார்.

“திங்கக்கிழமை பாப்பாவுக்கு ஸ்கூலாச்சே சார்” என்றேன்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு, “வா விஜயா, மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்துக்கோ” என்றார். பாய் யார் வீட்டுக்கும் போய் வேலை செய்ததில்லை.

போர்ட்டிகோவில் ஒரு கனத்த மேஜை. அதன்மேல் தலைகீழாகக் கிடந்த பிளாக்குக்கு இப்போது கொசுவலை கட்டியிருந்தார். பக்கத்திலேயே துவைத்து மடித்த வெள்ளைத் துணிகள், ஸ்பானர்கள், புது பேரிங் பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. ஜெயமாலா தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்து வந்து எங்களுக்கு மோர் கொடுத்தாள். கையெல்லாம் காய்ப்பு. லீவர் பிடித்த காய்ப்பும் தரையில் ஊன்றிய காய்ப்பும்.

“பஸ்ல போனா ஆகாதாம்மா, கொஞ்ச நாளைக்கு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன்.

“போலாங்க. கண்டக்டரு, ஏறவங்க, எறங்கறவங்க எல்லாரும் தூக்கி ஏத்திவிடுவாங்க. நல்லவங்கதான். ஆனா தூக்கறாங்க இல்ல, அதுதாங்க கஷ்டம்.” பிறகு பாய் பக்கம் திரும்பினாள். “பாய், திங்கக்கிழமை வண்டி ஓடுமா?”

“ஓடும்மா” என்றார் பாய். இன்னும் கொசுவலையைக்கூட நீக்கவில்லை. அளக்காமல் அவர் ஒரு வார்த்தை சொன்னது எனக்குத் திக்கென்றது.

டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடு மெயின் உட்காரும் இடத்தில், எண்ணெய் வரவேண்டிய ஓட்டையை விரலால் மெழுகியதுபோல் மண் மூடியிருந்தது. அதன்மேல் பேரிங்கை வைத்து இறுக்கினால் அந்தப் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் போகாது. கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருவதற்குள் நடுவழியில் நின்றுவிடும், வண்டியில் அந்தப் பெண் தனியாக இருப்பாள்.

“சார், உள்ள அது சும்மா இல்ல” என்றார் பாய். “தன் குஞ்சுக்குத் தீனியா பச்சைப் புழு நாலஞ்சைக் கொட்டிப் போட்டு வெச்சிருக்கும். அந்தப் புழுவுக்கு யாரு பரிஞ்சி பேசறது?”

“அதோட கணக்கு அதுக்கு, பாய். என் கணக்கு எனக்கு.”

“பாப்பா கணக்கு?”

அப்பாண்டைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபமாக வந்தது. ஒரு குளவிக்காக ஒரு பெண்ணை ஊரார் கையில் தூக்கவிடுகிற தர்மம் என்ன தர்மம் என்று வாய்வரை வந்தது. ஜெயமாலா மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்துபோனாள்.

பாய் சொன்னார்: “சார், பேரிங்கை வெச்சிப் பாக்கலாம், அப்புறம் யோசிக்கலாம். தொடைக்கறதுக்கு நல்ல துணியா ஒண்ணு உள்ளேருந்து கொண்டாங்க.”

அப்பாண்டைராஜ் பாயைப் பார்த்தார். பிளாக்கைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். துணி எடுத்துவரும் நேரத்தைவிட வெகுநேரம் ஆனது.

பாய் ஒரு கம்பியை எடுத்து மண்ணைக் குத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. பச்சைப் புழுக்கள் சுருண்டு விழுந்தன, அவற்றுக்குப் பின்னால் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக ஒன்று. எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்துக் கைக்குட்டையில் தட்டி, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, மறுபடியும் மண்ணெண்ணெய் விட்டார். கடைசியில் புது எண்ணெயை அந்தப் பக்கம் ஊற்றினார். இந்தப் பக்கம் தடையில்லாமல் இறங்கியது.

அப்பாண்டைராஜ் கையில் துணியோடு வெளியே வந்தார்.

“காலிக் கூடு சார்” என்றார் பாய். “எப்பவோ பறந்துட்டிருக்குது.”

“அப்படியா” என்றார் அவர். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. அதைச் சொல்வது எனக்குச் சுலபம். பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெய்ப் பசையில்லாமல் காய்ந்திருக்கவேண்டும். அப்பாண்டைராஜ் துடைத்துத் துடைத்து வைத்தார். பேரிங்கின் விளிம்பில் இருக்கும் சின்ன நாக்கு பிளாக்கின் பள்ளத்தில் உட்காரவேண்டும், பேரிங் ஓட்டையும் பிளாக் ஓட்டையும் நேருக்கு நேர் வரவேண்டும். டார்ச் அடித்துச் சரிபார்த்தோம். கிராங்க்கைப் படுக்கவைத்து, ஒவ்வொரு இடத்திலும் மெழுகு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் நூலைக் கிடத்தி, மேல்மூடியைப் போட்டு, கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கி, பிறகு கழற்றிப் பார்த்தோம். நூல் எவ்வளவு அகலத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூன்று மெயினும் ஒன்றரை தௌ, வேண்டிய அளவு. நூலை வழித்தெடுத்துவிட்டு, இப்போது எண்ணெய் தடவி ஒவ்வொரு மூடியாக இறுக்கினோம். ஒவ்வொன்றை இறுக்கிய பின்பும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும், எங்கே பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கடைசி மூடி முடிந்ததும் பாய் இரண்டு விரலால் தள்ளினார். கிராங்க் வழுக்கிக்கொண்டு சுற்றி, சத்தமில்லாமல் நின்றது.

ராடு பேரிங்குகளும் முடிய மாலையாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட வரும்படி ஜெயமாலா உள்ளிருந்து கூப்பிட்டாள். பசியில்லை என்றார் அப்பாண்டைராஜ்.

திரும்பி வருகையில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டியதும் பாய் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் ஒரு புங்க மரத்தடியில் கைக்குட்டையை உதறிவிட்டு வந்தார். அதற்கப்புறம் சில நாள் மைக்ரோமீட்டரை அவர் பிடித்துக்கொண்டு, “நீ பாத்துச் சொல்லு விஜயா” என்று எண்ணை என்னைச் சொல்லவைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இஞ்சினை ஏற்றி ஓட்டிப் பார்த்ததாக அப்பாண்டைராஜ் தகவல் சொன்னார். டேஷ்போர்டில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எண்ணெய் ஏறியதும் உடனே அணைந்ததாம். திங்கட்கிழமை ஜெயமாலா தானே ஓட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்ந்தாள். பாயிடம் சொன்னேன். “பரவாயில்ல” என்றார்.

சில வருஷம் கழித்துப் பாய் இறந்துபோனார். ஆண்கள் கபர்ஸ்தானுக்குப் போயிருந்தார்கள், நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, தெருவோரம் அந்தப் பழைய கார் நின்றது. ஓட்டும் இடத்தில் ஜெயமாலா. கபர்ஸ்தானிலிருந்து திரும்பிய அப்பாண்டைராஜ் கார் பக்கம் போகாமல் என்னிடம் வந்தார்.

“நல்ல மனுஷரு. ஒரு பொய் சொல்லமாட்டாரு” என்றேன், எல்லாரும் சொல்வதுபோல.

“ஒண்ணு சொன்னாரும்மா. எனக்காகச் சொன்னாரு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“குளவி பறந்து போயிருந்தா மூடியில ஓட்டை போட்டுக்கினு இல்ல போயிருக்கும்? வாய் மூடின கூடு எப்படிம்மா காலியா இருக்கும்? எங்க வீட்டாண்ட தெனம் குளவிக்கூட்டைப் பாக்கறவன் நான், எனக்குத் தெரியாதா?”

“அது அவர் கணக்கு சார். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க.”

“பொய் சொன்னது வேணா அவர் கணக்கா இருக்கட்டும். துணி எடுக்கறேன்னு உள்ள போனனே, அது யாரு கணக்கு?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நல்ல துணி அந்த மேஜை மேலயே இருந்துச்சும்மா. துவைச்சி மடிச்சி நான்தான் வெச்சேன்.”

ஜெயமாலா ஹாரன் அடித்தாள். அவர் போய் ஏறிக்கொண்டார். அவள் லீவரைத் தள்ளி வண்டியை எடுத்தாள். தெருமுனை திரும்பும்வரை பழக்கதோஷத்தில் இஞ்சினைக் கேட்டுக்கொண்டே நின்றேன். தட்டல் இல்லை.